உங்களுக்குத் தெரியுமா? பைப்புக்கு வந்த பவிசு

● சித்திரை வெயிலில் மல்லாங்கிணறு பக்கம் ஏதாவது ஒரு தெருவில் நின்று, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சுவரோரமாக இறங்கும் பைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெயில் பார்த்த முன்பக்கம் வெளுத்து, மாவு பூசியது போல இருக்கும். சுவரை ஒட்டிய பின்பக்கமோ கடையில் வாங்கிய அன்றைய நிறம் மாறாமல் இருக்கும். முன்பக்கத்தைத் தேய்த்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும். அது அழுக்கு இல்லை. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு பி.வி.சி.யின் மேல்தோல் சிதைகிறது. அதனோடு கலந்திருந்த சுண்ணாம்புத் தூளும் வெள்ளை நிறமியும் பிடிப்பு விட்டு வெளியே வந்து நிற்கின்றன. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் காய்ந்ததும் மறுபடி மங்கிப்போவது இதனால்தான்.

● இதைப் பார்த்து உடனே பைப்பை மாற்ற வேண்டியதில்லை. சிதைவு மேல்தோலோடு நின்றுவிடும். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் வலு பெரிதாகக் குறையாது. குறைவது அடி தாங்கும் வலு. பல வருஷம் வெயிலில் கிடந்த பைப்பின் மேல் ஏணியைச் சாய்த்தாலோ, பையன்கள் பந்தை அடித்தாலோ பொட்டென்று தெறிக்கும். ஆகவே பழைய பைப்பைத் துடைக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டாம்.

● 1872இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பௌமன், வினைல் குளோரைடு வாயு இருந்த கண்ணாடிக் குடுவையை வெயிலில் வைத்தார். குடுவைக்குள் வெள்ளையாக ஒரு திடப்பொருள் படிந்தது. அதுதான் பி.வி.சி. வெயிலில் பிறந்த சரக்கு, நம் ஊர் வெயிலில் திரும்பவும் வெள்ளைத் தூளாகிறது. பௌமனுக்கு முன்பே 1835இல் பிரான்சின் ரெனோ வினைல் குளோரைடைத் தயாரித்திருந்தார். ஆனால் பி.வி.சி.யை வைத்து என்ன செய்வதென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமான் அதை நெகிழ வைக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. அதே குட்ரிச்சின் கூட்டோடுதான் 1960களில் நம் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கியது.

● உங்கள் வீட்டு பைப்பில் பாதிக்கு மேல் உப்பிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அந்தக் குளோரின் கிடைப்பது சாதாரண உப்பிலிருந்து. தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்தில் உள்ள டி.சி.டபிள்யூ. ஆலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் எடுக்கிறார்கள், பி.வி.சி.யும் செய்கிறார்கள். உப்பளத்தில் விளைந்தது பைப்பாகிக் கரிசல் காட்டுக்கு வர, அதன் மேல் நம் போர்த் தண்ணீர் இன்னொரு உப்பைப் பூசிவிடுகிறது.

● அந்த இன்னொரு உப்புதான் இந்த வட்டாரத்தின் தீராத தொல்லை. அருப்புக்கோட்டை நகரத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. ஆனாலும் வீட்டுப் புழக்கத்துக்கும் தோட்டத்துக்கும் போர்த் தண்ணீரை நம்புகிறவர்கள் ஏராளம். கேட்வால்வின் கழுத்து, எல்போ மூட்டு, சொட்டுச் சொட்டாகக் கசியும் எண்ட் கேப் ஆகிய இடங்களில் வெள்ளையாக, சுரண்டினால் பொருக்காக வரும் படிவைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்து வந்தது, தண்ணீர் காய்ந்ததும் தங்கிவிட்டது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. உங்கள் போர்த் தண்ணீர் எந்தக் கணக்கில் சேரும் என்பதைச் சோறு வடிக்கிற பானையின் அடியே சொல்லிவிடும்.

● இந்தப் படிவுக்குக் கை கண்ட மருந்து மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து, படிவு உள்ள இடத்தில் சுற்றிக் கட்டிவிடுங்கள். துணி காயவிடக் கூடாது. நடுநடுவே கரைசலைத் தெளிக்க வேண்டும். பொரு பொருவென்று நுரை வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளியேறுவது கரியமில வாயு. அரை மணி கழித்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பொருக்கு கழன்றுவிடும். கனமாகப் படிந்திருந்தால் இன்னொரு கட்டு. கீழே மொசைக் தரையோ பளிங்கோ இருந்தால் ஒரு வாளியை வைத்துவிடுங்கள். அதுவும் சுண்ணாம்பு வகைதான், படிவோடு சேர்த்து அதையும் கரைசல் அரித்துவிடும். குரோம் பூசிய குழாயில் இந்தக் கட்டை நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள்.

● புளி போட்டுத் தேய்த்தால் போகாதா? பித்தளைக்கும் செம்புக்கும் புளியை அடிக்க ஆளில்லை. ஆனால் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீரில் லேசில் கரையாத இன்னோர் உப்பாகிப் பைப்பின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

● கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் இந்தப் படிவை ஒரு நொடியில் கரைக்கும். பி.வி.சி.க்கு அதனால் பெரிய கேடும் இல்லை. கேடு கழுவுகிற ஆளுக்குத்தான். பாசி போகட்டும் என்று முதலில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, அது போதாதென்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. மூடிய குளியலறையில் இந்த விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம். எலுமிச்சை உப்பும் அமிலம்தான், பிளீச்சிங்கோடு அதையும் கலக்கக் கூடாது. ஒரு நாள் இது, நன்றாகக் கழுவிவிட்டு இன்னொரு நாள் அது.

● கறை செம்பழுப்பாக இருந்தால் அது இரும்பு. இதற்குப் பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சை உப்புதான் இதற்கும்.

● ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்காமல் கழுவப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்தான். பைப்புக்கும் பாத்ரூம் குழாய்க்கும் மட்டும் வேண்டாம். வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, காய்ந்ததும் திட்டுத் திட்டாக வெள்ளை விழும். கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு மழைத் தண்ணீர் இருந்தால் பைப்பு அப்படியே பளிச்சென்று நிற்கும்.

● கரிசல் சேறு பைப்பில் அப்பியிருந்தால் ஈரத்தோடு துடைக்காதீர்கள். மண் மிக நைசானது. ஈரத்தில் இழுத்தால் பைப்பு முழுக்கக் கறுப்பாகத் தீற்றிவிடும். நன்றாகக் காயட்டும். வெடித்துத் தானே பாளம் பாளமாக உதிரும். மிச்சத்தைத் தென்னை நார் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் கழுவினால் போதும். இதே வெடிப்புதான் மண்ணுக்குள் புதைத்த பைப்புக்கு எமன். கோடையில் கரிசல் சுருங்கிப் பாளம் விடும், மழையில் ஊறி உப்பும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பைப்பு மூட்டு மூட்டாக விட்டுப்போகும். குழி தோண்டும்போதே அடியிலும் மேலும் ஆற்று மணலோ எம் சாண்டோ ஒரு சாண் போட்டுப் புதைத்தவர்களுக்கு இந்த வேலை மிச்சம்.

● உலர்ந்த துணியால் துடைக்கத் துடைக்க பிளாஸ்டிக் பைப்பில் தூசி கூடும், குறையாது. தேய்க்கும்போது பி.வி.சி. எதிர்மின்னூட்டம் ஏற்றுக்கொள்கிறது, காற்றில் பறக்கிற தூசியையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் மின்னூட்டம் வடிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதை வைத்து ஒரு வித்தை காட்டலாம். காய்ந்த பைப்புத் துண்டைத் தலைமுடியிலோ கம்பளியிலோ நன்றாகத் தேய்த்து, நூல் போல ஒழுகும் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், தண்ணீரில் படாமல். தண்ணீர் வளைந்து பைப்பை நோக்கி வரும். காற்றில் ஈரம் குறைந்த ஊர்களில் இந்த வித்தை சோபிக்கும். அந்த வகையில் திருச்சுழி, அருப்புக்கோட்டைக் கோடை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் இளைத்ததில்லை.

● வீட்டில் கிடைப்பதில் எது பைப்புக்கு ஆகும்? முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு முதல் தரம். அழுக்கை எடுக்கும், கீறல் போடாது. வெள்ளைப் பல்பொடியும் பேஸ்ட்டும் இரண்டாவது. அவற்றில் இருக்கும் நைசான சுண்ணாம்பு அல்லது சிலிக்கா, மெருகு ஏற்றத் தோதானது. இரும்பு நார், செங்கல் தூள், ஆற்று மணல் மூன்றும் பித்தளை அண்டாவுக்கு உரியவை. பைப்பில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அடுத்த மழைக்குள் அந்தக் கீறல்களில் பாசியும் அழுக்கும் குடியேறும்.

● வெளுத்த பைப்பைப் பளபளப்பாக்கியே தீர வேண்டும் என்றால் கடையில் தண்ணீரில் நனைக்கிற உப்புத்தாள் கேளுங்கள். முதலில் 400 நம்பர், பிறகு 800, கடைசியில் 1000. நம்பர் கூடக் கூட மணல் நைசாகும். ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்துக்கொண்டே, ஒரே பக்கமாகத் தேய்க்காமல் பைப்பைச் சுற்றித் தேய்க்க வேண்டும். அடுத்த நம்பருக்குப் போகும் முன் முந்தின தூளைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் அந்தத் தூளே கீறும். உலரத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும், அதனால்தான் ஈரம். கடைசியில் துணியில் பேஸ்ட் தொட்டுத் துடைத்தால் கை வழுக்குகிற அளவுக்கு வந்துவிடும். ஆனால் ஒன்று: வெயிலில் நிற்கிற பைப்புக்கு இத்தனை சிங்காரமும் அடுத்த கோடை வரைதான். என்னைக் கேட்டால், 400இல் ஒரு தேய்ப்பு தேய்த்துக் கழுவிவிட்டு, தண்ணீரில் கலக்கும் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டிங் அடித்துவிடுவதுதான் காசுக்குப் பிரயோசனம். கதிரை அது வாங்கிக்கொள்ளும். தின்னர் கலந்த பெயிண்ட் வேண்டாம், தின்னர் பைப்பையே தின்னும்.

● தேங்காய் எண்ணெய் தடவினால் மங்கிய பைப்பு உடனே பளபளவென்று புதிதாகத் தெரியும். மறுநாளே தூசி அப்பிக்கொள்ளும் என்பது சின்ன விஷயம். சுடுதண்ணீருக்குப் போடும் பாலேட்டு நிற சி.பி.வி.சி. பைப்பில் சமையல் எண்ணெயைத் தடவவே கூடாது. தாவர எண்ணெய் பட்டால் அந்த வகை பிளாஸ்டிக் அழுத்தத்தில் இருக்கும்போது மயிரிழை வெடிப்பு விடக்கூடும். வெடிப்பு சுவருக்குள் விட்டால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

● பைப்பின் மேல் நீளமாக அச்சடித்திருக்கிறதே, அது வெறும் விளம்பரம் இல்லை. ஐ.எஸ். 4985 என்றிருந்தால் குடிதண்ணீருக்கான பி.வி.சி. பைப்பு. ஐ.எஸ். 15778 என்றால் சுடுதண்ணீருக்கான சி.பி.வி.சி. நீல நிறத்தில் போருக்கு இறக்கும் கேசிங் பைப்பில் ஐ.எஸ். 12818 இருக்கும். கூடவே விட்டம், அழுத்தம் தாங்கும் வகை, எந்தத் தொகுப்பில் தயாரித்தது என்ற எண். கடையில் “நாலு கிலோவா, ஆறு கிலோவா?” என்று கேட்பது பைப்பின் எடையை அல்ல, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பதை. அழகுக்காக இந்த எழுத்தை அழிக்க நினைப்பவர்கள் அதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. நாளைக்கு உடைந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

● எழுத்தை அழிக்க முதலில் மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போகாவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவர். அதில் உள்ள அசிட்டோன் மையைச் சட்டென்று எடுக்கும். ஆனால் பைப்பின் தோலையும் இளக்கும். தொட்டோம், துடைத்தோம், விட்டோம் என்று இருக்க வேண்டும். ஊறவிட்டால் பிசுபிசுப்பாகி, காய்ந்த பின் சொரசொரவென்று மங்கிவிடும். அதற்குப் பிறகு உப்புத்தாள்தான் கதி.

● பிளம்பர்கள் சொலூஷன் என்கிற பி.வி.சி. பேஸ்ட் உண்மையில் ஒட்டும் பசை இல்லை. அது பைப்பின் தோலையும் எல்போவின் உள்தோலையும் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. காய்ந்த பின் அங்கே இரண்டு பொருள் இல்லை, ஒன்றுதான். ஆகவே மெருகு ஏற்றுகிற ஆர்வத்தில் பல் துலக்கும் பேஸ்ட்டோ மெழுகோ எண்ணெயோ மூட்டு வருகிற இடத்தில் படவிடாதீர்கள். அறுத்த வாயில் தொங்கும் பிசிறைக் கத்தியால் வழித்து, ஈரம் இல்லாமல் துடைத்து, உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, அதன் பிறகு சொலூஷன். உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். “அண்ணே, மோட்டார இப்பப் போட்டுராதீக” என்று பிளம்பர் சொல்லிவிட்டுப் போனால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவியாக அதற்கு நேரம் வேண்டும்.

● காட்டில் கப்ளிங் கையில் இல்லாதபோது சோளத்தட்டையைக் கொளுத்தி, பைப்பின் வாயை வாட்டி விரித்து, அடுத்த பைப்பைச் சொருகுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. பி.வி.சி. சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், அதனால் கைக்கு வசமாக வளையும். ஆனால் விரித்த இடத்தில் சுவர் மெலிந்துவிடும், தீ நேராகப் பட்டால் கருகும். கருகும்போது வரும் நெடி ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை. மெருகு வரட்டும் என்று மெழுகுவர்த்தியில் காட்டுவதும் இதே கதைதான். பழைய பைப்பைக் குப்பையோடு எரிப்பது இன்னும் மோசம், டையாக்சின் என்ற நஞ்சும் உருவாகும். பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பி.வி.சி. என்று காட்டும் மூன்றாம் நம்பர் முக்கோண முத்திரை இதற்குத்தான்.

● இருபது அடி பைப்பு, விடியலுக்கும் உச்சிவெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் ஏறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். சுவரில் கிளாம்பை இறுக்கி அடித்துவிட்டால் அந்த நீளம் போக வழியில்லாமல் பைப்பு வில்லாக வளையும். தவிர, ‘ஆறு கிலோ’ என்று எழுதியிருப்பது 27 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. பைப்பு சூடாகச் சூடாக அந்தக் கிலோ குறையும். வெள்ளைப் பெயிண்ட் இங்கேயும் உதவுகிறது.

● உள்பக்கத்தைக் கம்பி விட்டுக் குடைய வேண்டாம். பி.வி.சி. பைப்பின் உள்சுவர் சொரசொரப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு, பழைய ஜி.ஐ. பைப்புக்குப் புதிதாக இருக்கும்போதே அதைப்போல நூறு மடங்கு. தண்ணீர் தடையில்லாமல் ஓடுவது இந்த வழவழப்பால்தான். அதைக் கீறினால் படிவு பிடிக்க நாமே இடம் போட்டுக் கொடுத்ததாகும்.

● சொட்டு நீர்க் குழாய் மட்டும் இதற்கு விலக்கு, அதன் உள்ளே சுத்தம் செய்தே ஆக வேண்டும். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீத மானியத்தில் சொட்டு நீர் கொடுக்கிறார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் கறுப்புக் குழாயைப் போட்ட அடுத்த வருஷமே சில செடிக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை என்ற பேச்சு வரும். போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு, ஊசித்துளையை அடைத்திருக்கும். முதலில் ஒவ்வொரு குழாயின் கடைசி மடிப்பையும் அவிழ்த்து, கலங்கல் நின்று தெளிவாக வரும் வரை ஓடவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் ஆசிட்: தண்ணீரின் பி.எச். 4 அளவுக்கு இறங்கும்படி கலந்து ஏற்றி, ஒரு பகலோ இரவோ நிறுத்திவைத்து, பிறகு திறந்துவிட்டு அலச வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். இந்தக் குழாய் கறுப்பாக இருப்பது கரித்தூள் கலந்திருப்பதால். வெயிலைத் தாங்குவதும், உள்ளே வெளிச்சம் போகாமல் பாசியைத் தடுப்பதும் அதுதான். அணில் கடிப்பதைத் தடுக்க அதனாலும் முடியாது.

● பழைய பி.வி.சி. பைப்புகள் பலவற்றில் வெப்பம் தாங்குவதற்காக ஈயச் சேர்மம் கலந்திருக்கும். அதைப் படிப்படியாக நிறுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021இல் விதிகள் கொண்டுவந்தது. இப்போது அதற்குப் பதில் கால்சியம், துத்தநாகச் சேர்மங்களைக் கலந்து செய்கிறார்கள். பழைய குடிதண்ணீர் பைப்புக்குள் ஆசிட்டை ஊற்றிவைப்பதும், பழைய பைப்பை உலர உப்புத்தாள் போட்டுத் தூள் கிளப்புவதும் இந்த ஒரு காரணத்துக்காகவே கூடாது.

● மெருகேற்றிய பைப்பால் வேறென்ன செய்யலாம்? புல்லாங்குழல். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மூங்கிலுக்குப் பதில் பி.வி.சி.யில் குழல் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் வெடிக்காது, விலையும் சல்லிசு. சுவர் ஒரே கனமாக இருப்பதால் துளை போடவும் எளிது. துளை போட்டதும் உள்பக்கம் பிசிறு தொங்கும். அது ஒரு துளியளவு இருந்தாலும் சுருதி இரையும். உப்புத்தாளைத் தீக்குச்சியில் சுற்றி, துளைக்குள் விட்டுச் சுழற்றி எடுக்க வேண்டும். ஊதும் துளையின் விளிம்பை மட்டும் அளவுக்கு மேல் உருட்டிவிடாதீர்கள், காற்று வெட்டுப்படுவது அந்த விளிம்பில்தான். வாயில் வைக்கிற பொருள் என்பதால் தோட்டத்தில் கிடந்த துண்டை எடுக்காமல், ஈயம் இல்லாதது என்று எழுதிய புது பைப்பாகக் கடையில் கேட்டு வாங்குங்கள். சின்னத் துண்டாகக் கேட்டால் கடைக்காரர் முறைப்பார், ஒரு லென்த்தாக வாங்கிவிட்டால் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆகும்.